புற்றுநோய்ப் பாடம்: செவிலிய மாணவர்களுக்கு எதை ஆழமாகச் சொல்லித் தருவது?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "இளநிலை செவிலியர் படிப்பில் புற்றுநோய்ப் பாடம் இந்த முறை என் பொறுப்பில் வந்திருக்கிறது. இருபது மணி நேர வகுப்பு, இரண்டு வார வார்டு போஸ்டிங், அவ்வளவுதான். புத்தகத்தில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் முடிக்க நேரமில்லை. வார்டுக்குப் போய்வரும் மாணவர்கள் வாயே திறப்பதில்லை. எங்கே தொடங்குவது, எதை விடுவது?"

பல வருடம் புற்றுநோய் வார்டில் வேலை பார்த்துவிட்டு அப்புறம் கற்பிக்க வந்தவள் நான். முதல் இரண்டு வருடம் நானும் உறுப்பு வாரியாகத்தான் நடத்தினேன். மார்பகம், கருப்பை வாய், நுரையீரல், வாய், குடல் என்று வரிசையாகக் காரணம், அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை எல்லாம் சொன்னேன். மாணவர்கள் தேர்வில் நன்றாகவே எழுதினார்கள். அவர்களில் ஒருவர் பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், கீமோ முடிந்து பத்தாம் நாள் காய்ச்சலோடு ஒருவர் இரவில் பொது வார்டுக்கு வந்திருக்கிறார். ஒரு பாராசிட்டமால் கொடுத்து, காலையில் டாக்டரிடம் சொல்லலாம் என்று விட்டுவிட்டார்கள். விடிவதற்குள் ரத்த அழுத்தம் விழுந்து, அவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். பிழைத்துக்கொண்டார். அந்த மாணவி எனக்கு போன் பண்ணி அழுதபோது எனக்கு ஒன்று புரிந்தது: வெள்ளணு குறைவதைப் பற்றி நான் சொல்லித்தான் இருந்தேன், ஆனால் பதினைந்து பக்கவிளைவுகளில் ஒன்றாக, பட்டியலின் நடுவில் சொல்லியிருந்தேன்.

அன்றிலிருந்து என் பாடத்துக்கு ஒரே அளவுகோல். இந்த மாணவி நாளை எந்த வார்டில் நின்றாலும், நடுராத்திரியில், பக்கத்தில் புற்றுநோய் மருத்துவர் இல்லாதபோது, எதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்? அதை ஆழமாக நடத்துங்கள். மற்றதை அவர்களே படித்துக்கொள்ளட்டும். உலகில் 5 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது புற்றுநோய் வருகிறது. 2022-ல் மட்டும் சுமார் 2 கோடிப் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது. இவர்கள் எல்லோரும் புற்றுநோய் மருத்துவமனையிலேயே இருப்பதில்லை. எலும்பு முறிவு வார்டிலும், அவசரப் பிரிவிலும், பிரசவ வார்டிலும் வந்து படுப்பார்கள். கீமோ ஏற்றும் வேலைக்குத் தனிப் பயிற்சி உண்டு, அதைப் பட்டம் பெற்ற பிறகு கற்றுக்கொள்ளலாம். கீமோ ஏற்றிக்கொண்டவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எல்லோருக்கும் வரும்.

சரி, முதல் வகுப்பு. அதில் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுங்கள். பெயர் போடாமல், புற்றுநோய் என்றதும் மனதில் வருவதை எழுதச் சொல்லுங்கள். "என் அப்பா", "முடி கொட்டும்", "எனக்கும் வந்துவிடுமோ", "அவங்ககிட்ட என்ன பேசறதுன்னு தெரியாது" என்றெல்லாம் வரும். ஒவ்வொரு வகுப்பிலும் வீட்டில் ஒருவரை இந்த நோய்க்குக் கொடுத்த பிள்ளை ஒன்றாவது இருக்கும். ஒரு வருடம் ஒரு மாணவி இந்தப் பாடத்துக்கு மட்டும் விடாமல் மட்டம் போட்டாள். அவளைக் கண்டித்தும் விட்டேன். அவளுடைய அம்மா அப்போது சிகிச்சையில் இருந்தார் என்பது தேர்வு முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. இப்போது ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பாடம் வரப்போகிறது, யாருக்காவது கஷ்டமாக இருக்கும் என்றால் தனியாக வந்து சொல்லுங்கள், வேறு வழி பார்க்கலாம்.

அந்தத் துண்டுத்தாள்களில் தவறான நம்பிக்கைகளும் வரும். அவற்றையும் அன்றே தீர்த்துவிடுங்கள். தொட்டால் ஒட்டாது. வெளியிலிருந்து கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர் உடம்பில் கதிர் எதுவும் தங்காது, பக்கத்தில் உட்கார்ந்து தாராளமாகப் பேசலாம். உடலுக்குள் கதிர்மூலத்தைத் தற்காலிகமாக வைத்திருக்கும்போது மட்டும் நேரம், தூரம், தடுப்பு என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் கதிரும் போய்விடும். கதிரியக்க அயோடின் வாங்கியவரின் கதை வேறு, அவருடைய சிறுநீரிலும் வியர்வையிலும் சில நாட்களுக்கு அது வெளிவரும். இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், மாணவர்கள் கட்டிலிலிருந்து நான்கடி தள்ளி நின்று பேசுவார்கள். நோயாளிக்கு அது உடனே தெரிந்துவிடும்.

நோயின் அறிவியலுக்கு இரண்டு மணி நேரம் போதும் என்பது என் கருத்து. மரபணு மாற்றங்களின் பெயர்களை அடுக்க வேண்டாம். நோயின் நிலையைச் சொல்லும் T, N, M என்ற மூன்று எழுத்துகளும் கட்டியின் அளவு, நிணநீர்க்கணு, பரவல் ஆகியவற்றைக் குறிக்கின்றன என்று தெரிந்தால் போதும், ஒவ்வொரு உறுப்புக்கும் நிலைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: பழைய வகைக் கீமோ மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குகின்றன, நல்லது கெட்டது பார்ப்பதில்லை. பிறகு பலகையில் ஒரு மனித உருவம் வரைந்துவிட்டு, "நம் உடம்பில் எந்தெந்த செல்கள் வேகமாகப் பிரியும்?" என்று கேளுங்கள். எலும்பு மஜ்ஜை, வாயின் உட்புறம், குடலின் உட்புறம், முடிவேர் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ரத்த அணு ஏன் குறைகிறது, வாய் ஏன் புண்ணாகிறது, வயிற்றுப்போக்கு ஏன் வருகிறது என்பதற்கெல்லாம் அங்கேயே பதில் வந்துவிடும். தானாகக் கண்டுபிடித்தது மறக்காது.

இப்போது காய்ச்சல். இதற்கு முழுதாக மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். நான் நடத்தும் விதத்தைச் சொல்கிறேன். பலகையில் ஒரு கடிகாரம் வரைந்து இரவு 1.40 என்று எழுதுவேன். "ஐம்பது வயதுப் பெண்மணி, கீமோ முடிந்து பதினோராம் நாள். 'லேசாக் குளிருது சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல' என்கிறார். வெப்பநிலை 38.4 செல்சியஸ். என்ன செய்வீர்கள்?" பாதிப் பேர் பாராசிட்டமால் என்பார்கள். நான் கடிகார முள்ளை நகர்த்தி 2.10 ஆக்குவேன். "காய்ச்சல் குறைந்துவிட்டது, தூங்குகிறார். இப்போது?" என்று கேட்பேன். வகுப்பு நிம்மதி அடையும். முள் 4.00-க்குப் போகும்: நாடித்துடிப்பு 128, ரத்த அழுத்தம் 84/50. வகுப்பே அமைதியாகிவிடும். முள்ளைத் திரும்ப 1.40-க்குக் கொண்டுவந்து, "மறுபடி ஆரம்பிக்கலாம்" என்பேன்.

இந்த இரண்டாம் சுற்றில்தான் பாடம் நடக்கிறது. கீமோ முடிந்த 7 முதல் 14 நாட்களுக்குள் பெரும்பாலும் அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்: மொத்த வெள்ளணு 1,200, அதில் கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வகை 20 சதவீதம், முதிராத நியூட்ரோபில் 5 சதவீதம், ஆக 25 சதவீதம், அதாவது 300. ஐந்நூறுக்குக் கீழே போனால் கடுமையான குறைவு. அந்த நிலையில் ஒரே முறை 38.3 காட்டினாலும், 38.0 ஒரு மணி நேரம் நீடித்தாலும் அது அவசர நிலை. சீழ் இருக்காது, சிவப்பு இருக்காது, எக்ஸ்ரே கூடத் தெளிவாக இருக்கலாம். சீழ் வைக்க வேண்டிய செல்களே உடம்பில் இல்லையே! ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்து, 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் உள்ளே போக வேண்டும். கல்ச்சர் எடுக்கத் தாமதமாகிறது என்று மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஆசனவாய் வழியே வெப்பம் பார்ப்பதும், அந்த வழியே மாத்திரை வைப்பதும் கூடாது. டாக்டருக்கு போனில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வையுங்கள். "பேஷன்ட்டுக்குக் காய்ச்சல் டாக்டர்" என்று சொன்னால் மறுமுனையில் அவசரம் புரியாது. "கீமோ முடிந்து பதினோராம் நாள், 38.4, நியூட்ரோபில் 300" என்று சொன்னால் எந்த டாக்டரும் எழுந்து வருவார்.

மருந்துகளின் பட்டியலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கண்ணால் பார்ப்பதிலிருந்து மருந்துக்குப் போங்கள். எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. இரண்டு பாட்டில்களில் சிவப்புத் தண்ணீர் கொண்டுபோய் மேசையில் வைப்பேன். இரண்டும் சிறுநீர் என்று சொல்வேன். ஒருவர் டாக்ஸோரூபிசின் ஏற்றிக்கொண்டவர். அந்த மருந்தின் நிறமே சிவப்பு, ஓரிரு நாள் அப்படித்தான் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். மற்றவர் சைக்ளோபாஸ்பமைட் வாங்கியவர். இது சிறுநீர்ப்பையிலிருந்து வரும் ரத்தமாக இருக்கலாம், உடனே தெரிவிக்க வேண்டும். நிறம் ஒன்றுதான். மருந்துத் தாளைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மருந்துத் தாளைப் பார்க்கும் பழக்கத்தை இதைவிட நன்றாகச் சொல்லித்தர எனக்கு வழி தெரியவில்லை.

மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிவதைக் கட்டாயம் செய்துகாட்டுங்கள். ஒரு ஸ்பாஞ்சின் மேல் பழைய கையுறையை இழுத்துக் கட்டி, மருந்து ஏற்றும் மெல்லிய குழாயான கேனுலாவைக் குத்தி, சாயத் தண்ணீரை மெதுவாகச் செலுத்துங்கள். ரப்பருக்கு அடியில் நிறம் பரவிக்கொண்டே போகும். முதலில் எல்லோருக்கும் கேனுலாவைப் பிடுங்கத்தான் கை போகும். அப்போது பிடித்து நிறுத்துங்கள். முதலில் ட்ரிப்பை நிறுத்து. கேனுலாவை எடுக்காதே, அதன் வழியாகவே முடிந்த மட்டும் மருந்தை உறிஞ்சி எடு. அப்புறம் பேனாவால் எல்லையைக் குறித்துவிட்டு ஆளைக் கூப்பிடு. ஒத்தடம் மருந்துக்கு மருந்து மாறும்: டாக்ஸோரூபிசினுக்குக் குளிர், வின்கிரிஸ்டினுக்குச் சூடு. "எரியுது சிஸ்டர்" என்று நோயாளி சொன்னால், வீக்கம் தெரியாவிட்டாலும் நம்ப வேண்டும்.

வின்கிரிஸ்டின் பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அது ரத்தக்குழாய் வழியே மட்டும் போக வேண்டிய மருந்து. தவறுதலாக முதுகுத்தண்டுத் திரவத்துக்குள் போனால் ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறித்துவிடும். அதனால்தான் அதைச் சிரிஞ்சில் தராமல், சிறு பையில் கலந்து தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் எச்சரிக்கை விடுத்தது. முதுகில் போடும் ஊசியோடு சிரிஞ்ச் பொருந்திவிடும், பையைப் பார்த்தால் யாருக்கும் அங்கே போடத் தோன்றாது. ஒரு சின்ன ஏற்பாடு எப்படி உயிரைக் காக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மாணவர்களின் சொந்தப் பாதுகாப்புக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைத் தண்ணீரில் கலந்து, அதுதான் கீமோ மருந்து என்று சொல்லிக் கையாளச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அறையை இருட்டாக்கி விளக்கைப் போட்டால், கதவுக் கைப்பிடியிலும் பேனாவிலும் சிலர் கன்னத்திலும் கூட அது மினுங்கும். இரட்டைக் கையுறை ஏன் என்று அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை. நோயாளியின் சிறுநீர், வாந்தி ஆகியவற்றையும் குறைந்தது 48 மணி நேரம் அதே கவனத்தோடு கையாள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதிய சிகிச்சைகளைப் பற்றி அரை மணி நேரம். நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்துகள் இப்போது பரவலாகிவிட்டன. இந்த வழியைத் திறந்த ஜேம்ஸ் அல்லிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. மாணவருக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இந்த மருந்து வாங்கியவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், அவருடைய எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குவதாக இருக்கலாம். போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுத்துச் சமாளிக்கக் கூடாது, ஸ்டீராய்டு தேவைப்படலாம். சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்தும் வரும். ஆகவே "இப்போது என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்பதோடு "இதற்கு முன் என்ன ஊசி போட்டார்கள்?" என்றும் கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.

முதுகுவலி பற்றி ஒன்று. புற்றுநோயாளிக்குப் புதிதாக முதுகுவலி வந்து, படுத்தால் அல்லது இருமினால் அதிகமாகி, கால் கொஞ்சம் வலுவிழந்தது போல் இருந்தால், கட்டி முதுகுத்தண்டை அழுத்துகிறது என்று சந்தேகப்பட வேண்டும். சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருப்பவர் பெரும்பாலும் தொடர்ந்து நடப்பார். கால் விழுந்த பிறகு வந்தவர் மறுபடி நடப்பது அரிது. காலையில் படுக்கை மாற்றும்போது "நேற்றைவிடக் கால் கனமாக இருக்கிறதா?" என்று கேட்கும் செவிலியர்தான் இதை முதலில் கண்டுபிடிப்பவர்.

அடுத்தது வலி. மாணவர்களுக்கு மார்ஃபின் மேல் பெரிய பயம் உண்டு, அடிமையாகிவிடுவார், மூச்சு நின்றுவிடும் என்று. இங்கே சிசிலி சாண்டர்ஸ் பற்றிக் கட்டாயம் சொல்வேன். செவிலியராகத் தொடங்கி, மருத்துவ சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவம் படித்து, 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற, இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தைத் திறந்தவர். உடல், மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்ததே வலி என்று சொன்னவர். வலி வந்த பிறகு ஊசிக்காகக் கெஞ்ச விடாமல், நேரம் பார்த்து முன்கூட்டியே மருந்து கொடுக்கும் முறையை வலியுறுத்தினார். 1986-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வலிநிவாரண வழிமுறையிலும் வாய்வழி, கடிகாரப்படி என்ற கொள்கைகள் இடம்பெற்றன. மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், ஏனென்றால் தூக்கக் கலக்கமும் குமட்டலும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. மூச்சு குறைவதற்கு முன் பெரும்பாலும் மயக்கம் கூடிக்கொண்டே போகும், ஆகவே விழிப்பு நிலையைக் கவனிக்க வேண்டும். இதை அறிந்தவருக்குப் பயம் போய், கவனம் வரும்.

வலியையும் துன்பத்தையும் குறைக்கும் ஆறுதல் சிகிச்சையைப் பாடத்தின் கடைசி வகுப்பில் வைக்காதீர்கள். மாணவர்கள் அதை மரணத்தோடு மட்டும் இணைத்துப் பார்க்க அதுவே காரணமாகிவிடுகிறது. பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், தொடக்கத்திலேயே ஆறுதல் சிகிச்சை பெற்றவர்கள் நிம்மதியாகவும் இருந்தார்கள், சற்று அதிக காலமும் வாழ்ந்தார்கள்: இடைநிலை அளவில் 11.6 மாதம், மற்றவர்கள் 8.9 மாதம். வலி பாடத்தோடு சேர்த்து, நடுவிலேயே நடத்திவிடுங்கள்.

பேச்சு. இதுதான் மாணவர்கள் உண்மையில் பயப்படும் இடம். 1963-ல் ஹோவர்ட் பாரோஸ் என்ற மருத்துவர் நடிக்கப் பழக்கிய ஆளை நோயாளியாக உட்கார வைத்துக் கற்பிக்கத் தொடங்கினார். அந்த முறை இங்கே அருமையாகப் பயன்படும். ஆள் கிடைக்காவிட்டால் நீங்களே கட்டிலில் படுங்கள். சக மாணவர்களை நோயாளியாக்கினால் சிரிப்பில் முடிந்துவிடும். நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "சிஸ்டர், எனக்கு கேன்சரா?" பெரும்பாலானவர்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்பார்கள், அல்லது "டாக்டர் சொல்வாங்க" என்று நகர்ந்துவிடுவார்கள். பொய் சொல்ல வேண்டாம், தன் பொறுப்பில் இல்லாததை உடைக்கவும் வேண்டாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏன் அப்படித் தோணுது உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். முப்பது விநாடி மௌனம். கடிகாரம் வைத்துப் பழக வேண்டும், அவ்வளவு கஷ்டம் அது. பதில் வந்தபின், "இதை டாக்டரிடம் நேராகக் கேட்க விரும்புகிறீர்களா, நான் கூட இருக்கிறேன்" என்று சொல்லி, அதை உண்மையிலேயே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு காட்சியும் நடத்துங்கள். டாக்டர் செய்தியைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நோயாளி செவிலியரைப் பார்த்து, "என்ன சொன்னாங்க?" என்கிறார். அதிர்ச்சியில் முதல் வாக்கியத்துக்குப் பிறகு எதுவும் காதில் விழுந்திருக்காது. திரும்பச் சொல்வதற்கு முன் "நீங்கள் கேட்டதில் எது நினைவிருக்கிறது?" என்று தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

வார்டு போஸ்டிங்கில் ஐந்து கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்) எழுதச் சொல்லாதீர்கள், ஒன்றைப் பார்த்து ஒன்றாக எழுதிவிடுவார்கள். ஒரே நோயாளியை இரண்டு வாரமும் பின்தொடரச் சொல்லுங்கள். பகல்நேரக் கீமோ பிரிவில் ஒரு முழு நாள் அவர் பக்கத்தில் உட்காரட்டும். கதிர்வீச்சு அறை வாசல் வரை கூடப் போகட்டும். நோயாளி வீடு திரும்பும்போது, எந்தக் காய்ச்சலுக்கு எங்கே வர வேண்டும் என்று அந்த மாணவரே சொல்லிக்கொடுக்கட்டும்.

தேர்வில் "சிஸ்பிளாட்டினின் பக்கவிளைவுகளைப் பட்டியலிடுக" வேண்டாம். ரொனால்ட் ஹார்டன் 1975-ல் அறிமுகப்படுத்திய நிலையம் நிலையமாக நகரும் செய்முறைத் தேர்வு இதற்குப் பொருத்தம். ஒரு மேசையில் ரத்தப் பரிசோதனைத் தாளும் தொலைபேசியும், இன்னொன்றில் அந்த ஸ்பாஞ்ச், மூன்றாவதில் "எனக்கு கேன்சரா?" என்று கேட்கும் ஆள். காய்ச்சல் மேசையில் டாக்டரைக் கூப்பிடாதவருக்கு மற்ற மேசைகளில் எவ்வளவு மதிப்பெண் இருந்தாலும் நான் தேர்ச்சி தருவதில்லை. மீண்டும் பழகி வரச் சொல்வேன்.

மாணவர்கள் வாய் திறப்பதில்லை என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் பார்த்துக்கொண்ட ஒருவர் இறந்திருக்கலாம், விசாரித்துப் பாருங்கள். என் வகுப்பில் அப்படி நடந்தால் அன்றே, டியூட்டி முடிந்து அவர்கள் கிளம்புவதற்கு முன், வார்டுக்குப் பக்கத்து அறையில் இருபது நிமிடம் உட்காருவோம். நான் முதலில் அவரைப் பற்றி ஒன்று சொல்வேன்: தலையணையை எப்படி வைத்துக்கொள்வார், யாருடைய போனுக்காகக் காத்திருப்பார். அப்புறம் ஒருவர் தொடங்குவார். ஒருமுறை ஒரு மாணவி, "காலையில் அவர் தண்ணி கேட்டார், நான் வேறு வேலையில் இருந்தேன், பத்து நிமிஷம் கழிச்சுத்தான் கொடுத்தேன்" என்றாள். மற்றவர்கள் யாரும் சமாதானம் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை அவள் ஏழு மணிக்கே வந்து, புதிதாக வந்தவரின் கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.